பல்லே இல்லாத கீழ்த்தாடை: ஆணா, பெண்ணா, வயதின் வேலையா?

நெய்தல்நிலா

எல்லோருக்கும் வணக்கம். பல் மருத்துவம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் எலும்பியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு கீழ்த்தாடை எலும்பைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பல்கூட இல்லை. பல் இருந்த குழிகளும் இல்லை. மேல் விளிம்பு தேய்ந்து கத்தி முனை மாதிரி மெலிந்திருந்தது. எலும்பும் லேசு. ஆணா பெண்ணா, என்ன வயதிருக்கும் என்று கேட்டார்கள்.

தாடையின் கீழ்ப்பகுதியும் பின்னால் மேலேறும் பலகைப் பகுதியும் சேரும் இடத்துக் கோணம் நன்றாக விரிந்திருந்ததைப் பார்த்து "வயதான பெண்" என்று சொன்னேன். தேர்வாளர், "வயது சரி. பெண் என்று எதை வைத்துச் சொன்னாய்?" என்றார். "கோணம் விரிந்திருக்கிறது சார்." "வயதுக்கும் அதைத்தானே சொன்னாய்? ஒரே கோணத்தை இரண்டு வழக்குக்கும் சாட்சிக்குக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவரை அழைத்துவிட்டார்.

அன்றைக்கு இரவு முழுக்க அதே நினைப்புதான். பெண்ணின் தாடைக் கோணம் ஆணுடையதைவிட விரிந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. முதுமையில் கோணம் விரியும் என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே எலும்பில் சேர்ந்து வந்தால் எதை நம்புவது? இன்னொன்று, வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது: அந்த எலும்பின் மோவாய் முன்பக்கம் கூராக இல்லை, சதுரமாக இருந்தது.

இறுதியாண்டு

வைவாவுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். குழந்தைத் தாடையில் கோணம் 140 பாகை அல்லது அதற்கு மேல். வளர்ந்தவருக்கு 110 முதல் 120. முதுமையில் மறுபடி 140 பக்கம் போகும். மென்டல் ஃபொரமென், அதாவது தாடையின் வெளிப்பக்கம் நரம்பு வெளியே வரும் சின்னத் துளை, குழந்தையில் கீழ் விளிம்பை ஒட்டி, நடுவயதில் சரிபாதியில், முதுமையில் மேல் விளிம்பை ஒட்டி. ஆண் தாடை பெரியது, கனமானது, மோவாய் சதுரம், கோணத்தின் மூலை வெளிப்பக்கம் மடங்கியிருக்கும். பெண்ணுக்கு இதெல்லாம் மிதமாக, மோவாய் உருண்டை. இதை அப்படியே ஒப்பித்தால் மதிப்பெண் வந்துவிடும்.

மருதாணி

தங்கச்சி, உங்கள் தேர்வாளர் சொன்னது நல்ல பாடம். நான் 19 வருடமாகப் பல்செட்டு கட்டுகிறேன். தினமும் விரலால் தடவிப் பார்ப்பது இந்த எலும்பைத்தான். இறுதியாண்டு எழுதியது தவறில்லை. ஆனால் "முதுமை" என்று வரும் இடத்தில் எல்லாம் "பல் போன பிறகு" என்று மாற்றிப் படியுங்கள். அப்போது பாதிக் குழப்பம் தீரும்.

கீழ்த்தாடை ஒரே எலும்பாகத் தெரிந்தாலும் இரண்டு எலும்பு ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே அடித்தள எலும்பு. அதன்மேல் பற்களைப் பிடித்துக்கொள்ள மட்டுமே வளர்ந்த பல்குழி எலும்பு. பல் முளைக்கும்போது மேலடுக்கு உண்டாகிறது, பல் போனால் அதற்கு வேலை இல்லை, கரைகிறது. டால்கிரன் என்ற ஆய்வாளர் பல்செட்டு போட்டவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1972இல் எழுதினார். கரைவது முதல் ஆண்டில்தான் மிக வேகம், ஆனால் அதற்குப் பிறகும் நிற்பதே இல்லை. முன்பகுதியில் கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறக்குறைய 4 மடங்கு இழக்கிறது.

மென்டல் ஃபொரமென் முதுமையில் "மேலே ஏறுகிறது" என்று மாணவர்கள் எழுதுவார்கள். அது எங்கேயும் ஏறவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்கு மேலே இருந்த எலும்பு போய்விட்டது. கிணற்றில் தண்ணீர் வற்றினால் படி வெளியே தெரிகிற மாதிரிதான். 80 வயதிலும் முழுப் பல்லோடு இருப்பவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், துளை நடுவில்தான் இருக்கும். 45 வயதில் எல்லாப் பல்லும் இழந்து பத்து வருடம் ஆனவருக்குத் துளை மேல் விளிம்பில் நிற்கும். அப்படியானால் அந்தத் துளை சொல்வது வயதையா, பல்லையா?

கோணமும் அப்படித்தான். கோணத்தின் வெளிப்பக்கம் மாசிட்டர் தசை, உள்பக்கம் டெரிகாய்டு தசை. பல் இருந்து மெல்லும்போது இவை எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். பல் போய் மெல்லும் வலு குறைந்தால் அந்த மூலை மழுங்குகிறது. அதனால் கோணம் விரிந்ததாகத் தெரிகிறது. புத்தகத்தில் இருக்கும் 140 எல்லோருக்கும் வருவதில்லை. என் அனுபவத்திலும், படித்த ஆய்வுகளிலும், பல் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் சராசரி வித்தியாசம் சில பாகைகள்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசமும் அதே அளவு சில பாகைகள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

இறுதியாண்டு

குழந்தையின் கோணமும் விரிந்திருக்கிறதே டாக்டர்? அதுவும் பல் இல்லாததால்தானா?

மருதாணி

நல்ல கேள்வி. ஓரளவு அதுவும்தான், ஆனால் காரணம் வேறு. குழந்தையிடம் ரேமஸ், அதாவது மேல்நோக்கி நிற்கும் பலகைப் பகுதி, இன்னும் நிமிரவே இல்லை. பிறக்கும்போது தாடை இரண்டு துண்டு. நடுவில் நார்த்திசு. முதல் வயதில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் பின்பக்கம் எலும்பு படிந்து, ரேமஸின் முன்விளிம்பு கரைந்து, கடைவாய்ப் பற்களுக்கு இடம் விடுகிறது. 6 வயதில் முதல் கடைவாய்ப்பல், 12இல் இரண்டாவது, 17க்கு மேல் ஞானப்பல் என்று ஒவ்வொன்றும் பின்னால் வரிசையில் சேருவது அப்படித்தான். ஜான் ஹன்டர் 1771லேயே பல வயதுத் தாடைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, தாடை நீள்வது முன்னால் அல்ல, பின்னால் என்று எழுதிவிட்டார்.

எல்லாத் தாடையும் ஒன்றுபோல் இருக்கும் வயது அது. பருவமடையும்வரை ஆண், பெண் தாடையைப் பார்த்துப் பிரிப்பது நம்பத்தக்கதல்ல. பையன்களின் தாடை இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக வளர்கிறது. வித்தியாசம் தெரிவது அதற்குப் பிறகுதான்.

தடயம்

தடய மருத்துவத் துறையில் இருக்கிறேன். மருதாணி அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஒன்று சேர்க்கிறேன்: தாடையை மட்டும் வைத்து ஆண் பெண் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது எங்கள் துறையின் முதல் பாடம். குரோக்மன் என்ற எலும்பு ஆய்வாளர் கொடுத்த கணக்கு இன்னும் எங்கள் பாடநூல்களில் இருக்கிறது: ஆணா பெண்ணா என்பது சரியாக வருவது முழு எலும்புக்கூடு இருந்தால் 100 விழுக்காடு, இடுப்பெலும்பும் மண்டையும் இருந்தால் 98, இடுப்பெலும்பு மட்டும் என்றால் 95. அவர் பார்த்தது ஆண் பெண் தெரிந்த, வளர்ந்தவர்களின் எலும்புகள். வயலில் மழைக்குப் பிறகு கிடைக்கும் பாதித் தாடைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

1996இல் லாத், ஹென்னபெர்க் இருவரும் ஜோகன்னஸ்பர்கில் உள்ள டார்ட் எலும்புத் தொகுப்பைப் பார்த்து ஒரு புது அடையாளம் சொன்னார்கள். ரேமஸின் பின்விளிம்பு, கடைவாய்ப் பல் கடிக்கும் மட்டத்தில், ஆணிடம் ஒரு வளைவு எடுக்கும், பெண்ணிடம் நேராக இருக்கும் என்று. 94 விழுக்காடு சரியாக வந்ததாக எழுதினார்கள். நாங்கள் எல்லோரும் ஆசையோடு அதைப் படித்தோம். பிறகு வேறு நாட்டு எலும்புகளில் மற்றவர்கள் சோதித்தபோது அந்த வெற்றி கிடைக்கவில்லை. சில இடங்களில் நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஒருவர் "வளைவு இருக்கிறது" என்பதை இன்னொருவர் "இல்லை" என்கிறார்.

அதிலும் பல் இல்லாத தாடையில் கடிக்கும் மட்டம் எது? அந்த அடையாளத்துக்கே நிற்க இடம் இல்லை.

நெய்தல்நிலா

சார், அப்படியானால் அந்த எலும்பில் எதுவுமே சொல்ல முடியாதா?

தடயம்

முடியும், நிதானமாக. பல்லோடு சேர்ந்து போனவற்றை முதலில் ஒதுக்கி வையுங்கள்: தாடையின் கிடைப்பகுதியின் உயரம், எலும்பின் எடை, மேல் விளிம்பு. கோணத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். பல் போனாலும் அதிகம் மாறாதவை எவை? இரண்டு கான்டைல்களின் (மண்டையோடு மூட்டாகப் பொருந்தும் தாடையின் மேல்முனைகளின்) வெளி முனைகளுக்கு இடையே உள்ள அகலம், கான்டைலின் பருமன், ரேமஸின் அகலம், மோவாயின் அடிப்பகுதி. நீங்கள் சதுரமாக இருந்தது என்றீர்களே, அது நல்ல கவனிப்பு. வாய்ப்பு கிடைத்தால் அந்த எலும்பை மறுபடி எடுத்து அளந்து பாருங்கள். அளவைத் தனியாக வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள். அதே தொகுப்பில் உள்ள மற்றத் தாடைகளோடு ஒப்பிடுங்கள். வேறு நாட்டு மக்களுக்குப் போட்ட எல்லைக்கோடு நம் எலும்புக்கு அப்படியே பொருந்தாது. ஒரு மக்களில் சராசரி ஆண் இன்னொரு மக்களில் பெரிய பெண் அளவுக்குத்தான் இருப்பார்.

வடமராட்சி

இழையைப் படித்ததும் எங்கட அம்மம்மா ஞாபகம் வந்தது. 84 வயதில் காலமானா. கடைசிவரை வெத்திலை. பல்லெல்லாம் தேய்ஞ்சு தட்டையாகிச் சிவந்திருக்கும், ஆனால் ஒன்றும் விழவில்லை. அவவின் முகம் ஒருநாளும் உள்ளுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அவவைவிட பத்து வயது குறைவு, ஆனால் பொக்கைவாய், மூக்கும் மோவாயும் தொட்டுக்கொள்ளும். சின்ன வயதில் ஆச்சிதான் மூத்தவ என்று நினைத்திருந்தேன்.

ஈரோட்டுக்காரன்

நான் மருத்துவத்துறை இல்லை, நூல் வியாபாரம். இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன், ஏனென்றால் என் அம்மாவுக்கு இதேதான் நடக்கிறது. அம்மாவுக்கு 66 வயது. மேல் பல் முழுசும் போய் பல்செட்டு போட்டு ஆறு வருடம். கீழே இரண்டு கோரைப்பல் மட்டும் மிச்சம், கழற்றி மாட்டும் கீழ்ப்பல்செட்டு இப்போது நிற்பதே இல்லை. கீழ் உதட்டில் வலது பக்கம் சுருக்கென்று எரிகிறது, சில நேரம் மரத்துப் போகிறது என்கிறார். ஒரு இடத்தில் காட்டினோம். மிச்சம் இருக்கும் இரண்டையும் எடுத்துவிட்டு முழுசெட்டு போடலாம் என்றார்கள். அம்மாவுக்கு மனமில்லை. "இருக்கிற ரெண்டையும் புடுங்கிட்டா நான் கெழவியாயிருவேன்" என்கிறார். எலும்பு வலுவிழப்புக்கு வாரம் ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். என்ன செய்யட்டும்?

மருதாணி

தம்பி, நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்தமுறை போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த வார மாத்திரை. எலும்பு வலுவிழப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பிஸ்பாஸ்போனேட் என்றொரு வகை உண்டு. அதைச் சாப்பிடுகிற சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவது 2003 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மாத்திரையாகச் சாப்பிடுபவர்களுக்கு இது அரிது, பயப்படாதீர்கள். ஆனால் பல் பிடுங்கச் சொன்னவருக்கு இந்த மாத்திரை விஷயம் தெரியுமா? பெட்டியோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டாவது, அந்த எரிச்சல். மேலே பேசிய அதே துளைதான். அதன் வழியாகத்தான் கீழ் உதட்டுக்கான நரம்பு வெளியே வருகிறது. எலும்பு கரைந்து துளை மேல் விளிம்புக்குப் பக்கத்தில் வந்திருந்தால் பல்செட்டு ஒவ்வொரு மெல்லலுக்கும் நரம்பை அழுத்தும். நான் அந்த இடத்தில் செட்டைக் குழித்து விடுவேன். மரத்துப்போவது தொடர்ந்தால் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமானது. இரண்டு கோரைப்பல்லின் வேர் நன்றாக இருந்தால் அவற்றைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்குக் குறைத்து, அதன்மேல் செட்டு போட முடியுமா என்று கேளுங்கள். கிரம், ரூனி இருவரும் 1978இல் எழுதியது: கீழே கோரைப்பல் வேரை வைத்துக்கொண்டவர்களுக்கு 5 ஆண்டில் முன்பகுதி எலும்பு சராசரி 0.6 மில்லிமீட்டர்தான் குறைந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி முழுசெட்டு போட்டவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். உங்கள் அம்மா சொன்ன வார்த்தை இருக்கிறதே, அது வெறும் மனக்கவலை இல்லை. எலும்பும் அதைத்தான் சொல்கிறது.

பழம்பொருள்

ஒரு சின்ன விலகல், மன்னியுங்கள். தாடையை மட்டும் நம்பி உலகமே ஏமாந்த கதை ஒன்று உண்டு. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் "ஆதி மனிதன்" கிடைத்தான் என்று அறிவித்தார்கள். மண்டை மனிதனுடையது, தாடை குரங்கு மாதிரி. 41 ஆண்டு கழித்து, 1953இல், அது மோசடி என்று வெளிவந்தது. தாடை ஒராங்குட்டானுடையது, பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டவை. தடயம் சார் சொன்ன கான்டைல் அதில் உடைந்து போயிருந்தது. அது இருந்திருந்தால் மண்டையின் குழியில் வைத்துப் பார்த்த உடனே பொருந்தாதது தெரிந்திருக்கும்.

தடயம்

நல்ல நினைவூட்டல். மோவாய் பற்றியும் ஒன்று. எலும்பு முன்னால் தள்ளி நிற்கும் மோவாய் நம் இனத்துக்கு மட்டுமே உள்ளது. 1907இல் ஜெர்மனியின் மவுவர் ஊர் மணல் குழியில் ஒரு தொழிலாளி கண்டெடுத்த தாடை சுமார் 6 லட்சம் ஆண்டுப் பழையது, பற்கள் நம்முடையவை மாதிரியே, ஆனால் மோவாய் இல்லை. இவ்வளவு பிந்தி வந்த ஒரு மேட்டை வைத்துத்தான் நாம் ஆண் பெண் பிரிக்கிறோம்.

ஈரோட்டுக்காரன்

மருதாணி அக்கா, மிக்க நன்றி. அம்மாவின் ஓபிஜி படம் (இரண்டு தாடையும் முழுதாகத் தெரியும் எக்ஸ்ரே) வீட்டில் இருக்கிறது. எவ்வளவு எலும்பு போயிருக்கிறது என்று அதில் தெரியுமா?

மருதாணி

தெரியும். அளவுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். தாடையின் கீழ் விளிம்பிலிருந்து அந்தத் துளையின் கீழ் ஓரம்வரை அளந்து 3ஆல் பெருக்குங்கள். பல் இருந்த காலத்தில் அந்த இடத்தில் எலும்பு ஏறக்குறைய அவ்வளவு உயரம் இருந்திருக்கும். 1974இல் வைக்கல், ஸ்வூப் இருவர் சொன்ன வழி. துளைக்குக் கீழே உள்ள எலும்பு அதிகம் மாறாமல் நிற்பதால் இந்தக் கணக்கு வருகிறது. படத்தில் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரே இடத்தில் இரண்டையும் அளப்பதால் விகிதம் கெடாது. நெய்தல்நிலா, இது உங்கள் எலும்புக்கும்தான்.

படத்தைக் காட்டும்போது இன்னொன்றும் கேளுங்கள் தம்பி. துளைக்கு நேர் கீழே, கீழ் விளிம்பில் வெள்ளையாகத் தெரியும் கெட்டி எலும்பு 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அடிக்கடி தென்படும். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், ஆனால் மருந்து எழுதும் டாக்டருக்கு உதவும்.

நெய்தல்நிலா

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். துறையில் அனுமதி வாங்கி அதே எலும்பை எடுத்தேன். கண்ணாடிப் பலகைமேல் வைத்துக் கோணமானியால் பார்த்தேன்: 127 பாகை. புத்தகத்தின் 140 இல்லை.

கீழ் விளிம்பிலிருந்து துளையின் கீழ் ஓரம் 11 மில்லிமீட்டர். மூன்றால் பெருக்கினால் 33. இப்போது அங்கே இருக்கும் உயரம் 15தான். பாதிக்கு மேல் போயிருக்கிறது! கையில் லேசாக இருந்ததற்குக் காரணம் அதுதான். சின்ன எலும்பு என்று நான் நினைத்தது சின்ன எலும்பே இல்லை, தேய்ந்த எலும்பு.

அப்புறம் கான்டைல் அகலம் 121 மில்லிமீட்டர். துறையில் இருக்கும் வளர்ந்தவர்களின் 14 தாடைகளையும் அளந்தேன். இதைவிட அகலமானவை இரண்டுதான். மோவாய் அடிப்பகுதி சதுரம். கோணத்தின் மூலையில் வெளிப்பக்கம் தடவினால் இன்னும் சொரசொரப்பு இருக்கிறது, மாசிட்டர் பிடித்திருந்த தடம்.

தடயம்

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. இதை வைத்து என்ன எழுதுவீர்கள்?

நெய்தல்நிலா

"பல் அனைத்தும் இழந்து நீண்ட காலம் ஆனவர். வயதைத் துல்லியமாகச் சொல்ல இயலாது. ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை." இப்படி எழுதி எங்கள் சாரிடம் காட்டினேன். வைவாவில் "வயதான பெண்" என்று நான் பதில் சொன்னேனே, அதே சாரிடம்தான். படித்துவிட்டு, "வயதைச் சரி என்று நானும் அவசரப்பட்டுத்தான் சொன்னேன்" என்றார். அந்த அட்டையை எலும்பின் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொன்னார்.

ஈரோட்டுக்காரன்

அம்மாவின் படத்தில் அளந்தேன். துளைவரை 12, இப்போதைய உயரம் வலது பக்கம் 20, இடது பக்கம் 27. மூன்றால் பெருக்கினால் 36. வலது பக்கம் அதிகமாகப் போயிருக்கிறது, எரிச்சலும் அந்தப் பக்கம்தான். வேறொரு டாக்டரிடம் படத்தையும் மாத்திரைப் பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டு வேரும் உறுதியாக இருக்கின்றன, வைத்துக்கொள்ளலாம் என்றார். செட்டில் வலது பக்கம் அழுத்தும் இடத்தை அன்றைக்கே குழித்துக் கொடுத்தார். நேற்று ராத்திரி எரிச்சல் இல்லாமல் சாப்பிட்டதாக அம்மா சொன்னார். மரத்துப்போவது குறைகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வேர் சிகிச்சை வியாழக்கிழமை.

மருதாணி

இரண்டு வாரம் கழித்து இங்கேயே எழுதுங்கள் தம்பி. மரப்பு போகவில்லை என்றால் அதற்கு முன்பே போய்க் காட்டுங்கள்.